எனக்குப் பின்னால் நின்றவர்

கல்லுமலைத் தோட்டம், மேட்டு லயம்,
மஸ்கெலியா.
29-3-1959, உயிர்த்தெழுந்த திருநாள், மத்தியானம்.

கர்த்தருக்குள் அன்பான பவுலின் அப்பாவுக்கு,

சுகிர்தம் எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் நானும் பிள்ளையும் இங்கே சுகம். மழை இல்லை, கொழுந்து குறைவு, அரிசி மட்டும் வழக்கம்போலக் கல்லோடு வருகிறது. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்க மாட்டேன். காய்ச்சலில் கிடந்த மாதம்கூட "நல்ல சுகம்" என்று எழுதிய ஆள் நீங்கள். உறையின் மேல் உங்கள் பெயரைப் பவுலின்தான் எழுதுவாள். ஏழு வருஷம் பிரிந்திருந்தும் புருஷன் பேரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. சிரிக்காதீர்கள்.

உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கூடவே ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த சீட்டும் இருந்தது. பெருவியாதி முழுக்கத் தீர்ந்துவிட்டது, இனி இவரால் யாருக்கும் தொற்றாது, வீட்டுக்குப் போகலாம் என்று இங்கிலீஷில் எழுதியிருப்பதாகப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் படித்துச் சொன்னார். அந்த இடத்திலேயே கொழுந்துக் கூடையோடு முழங்கால் போட்டேன். "எழும்பும்மா, எழும்பும்மா" என்று மாஸ்டர் பயந்துபோனார். பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். குணமானாலும் நான் வரப்போவதில்லை, ஆஸ்பத்திரித் தோட்டத்திலேயே வேலை தருகிறார்கள், அப்பா செத்துப் போய்விட்டார் என்று ஊருக்குச் சொல்லிவிடு, பவுலினுக்கு நல்ல இடம் அமையும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான். என் தாலியைக் கழற்றி எந்தப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதியிருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சுட்ட ரொட்டியெல்லாம் கருகிப் போனது.

இன்றைக்குக் காலையில் ஆராதனையில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் போன பிறகு இங்கே எப்படி இருந்தோம் என்று நான் முழுக்க எழுதியதில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். மலையில் எனக்கு எப்போதும் ஓர நிரைதான். பள்ளத்தை ஒட்டிய நிரை. வலது பக்கம் ஆள் இருக்க மாட்டார்கள், இடது பக்கத்து நிரைக்காரி வேகமாக முன்னால் போய்விடுவாள். தேத்தண்ணி நேரத்தில் எனக்கென்று தனி டின் ஒன்றைத் தேயிலைச் செடியில் மாட்டி வைத்திருப்பார்கள். பவுலினோடு விளையாட எந்தப் பிள்ளையையும் விடவில்லை. அடுத்த காம்பராவில் இருக்கிற வேலாயி அக்கா மட்டும் ஒருநாளும் என்னிடம் அடுப்புத் தணல் வாங்கத் தயங்கியதில்லை. "நெருப்புக்கு எந்த வியாதி ஒட்டும், போ புள்ள" என்பார். மாரியம்மனைக் கும்பிடுகிறவர் அவர். நம்முடைய சபைக்காரர்கள்தான் என்னைக் கண்டால் சேலையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டார் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். தொட்டவர் ஆண்டவர், நமக்கென்ன என்று இருந்துவிடுவார்கள்.

திருவிருந்துதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நம் சபை நடக்கிற முறை உங்களுக்குத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஹட்டனிலிருந்து பாதிரியார் வருவார். பிள்ளைக் காம்பராவில் தொட்டில் சேலைகளையெல்லாம் சுருட்டி உத்திரத்தில் கட்டிவிட்டு, பால் ஆற்றுகிற மேசைமேல் வெள்ளைத் துணி விரிப்போம். இருபத்தாறு பேருக்கும் ஒரே திராட்சரசப் பாத்திரம். முதலில் மாஸ்டர், அடுத்தது ஜோர்ஜ் கங்காணி, பிறகு ஆண்கள், பிறகு பெண்கள். நீங்கள் போன அடுத்த மாதமே ஜோர்ஜ் கங்காணி எழுந்து, "சுகிர்தம் கடைசியா வரட்டும் ஐயா, சபையில சின்னப் புள்ளைங்க இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பாதிரியார் சம்மதிக்கவில்லை. நான்தான், பரவாயில்லை ஐயா என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் கடைசி. எனக்குப் பின்னால் அந்தப் பாத்திரத்தில் வாய் வைத்த ஒரே மனுஷர் பாதிரியார்தான். மீந்ததை அவர் குடித்து முடிக்க வேண்டும் என்பது முறை. முகம் சுளிக்காமல் குடிப்பார், அவரை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

அப்படியிருந்தும் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். முதல் வருஷம் வீம்புக்குத்தான் போனேன், அதுதான் உண்மை. போகாவிட்டால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று போனேன். அப்பம் தொண்டையில் இறங்காது. பிறகு ஒரு நாள், மழையில் நனைந்து கடைசி ஆளாக முழங்கால் போட்டிருந்தபோது, பாத்திரத்தைச் சாய்த்த பாதிரியார் கையைப் பார்த்தேன். இத்தனை பேர் குடித்த பிறகும் எனக்கென்று ஒரு மிடறு இருந்தது. ஒரு மாதம்கூட அது காலியாக என்னிடம் வந்ததே இல்லை. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் வீம்புக்குப் போகவில்லை. ஓர நிரையில் தனியாக நிற்கும்போது யாரோடு பேசுவது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சில நாள் சண்டையும் போடுவேன். ஆண்டவர் கோபித்துக்கொள்வதில்லை.

இனி ஜோர்ஜ் கங்காணி விஷயம். கவ்வாத்து மலையில் செடி வெட்டும்போது கத்தி உங்கள் விரலை வெட்டி, ரத்தம் சொட்டியும் வலி தெரியாமல் நீங்கள் அடுத்த செடிக்குப் போனபோது, அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடியவர் அவர்தான். மூன்றாம் நாள் உங்களை ஏற்றிப்போக லொறி வந்தது. அந்த மனுஷனை மன்னித்தேன் என்று எத்தனையோ ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன். ஜெபம் முடிந்து எழுந்தால் மன்னிப்பு தரையிலேயே கிடக்கும்.

போன தை மாதம், பனி விழுந்து கொழுந்து கருகிய கிழமையில், அவர் நம் வீட்டுக்கு வந்தார். இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து, வெளியில் நின்றபடியே குரலைத் தாழ்த்திப் பேசினார். "எமிலி கையில தேமல் மாதிரி ஒண்ணு இருக்கு. மஞ்ச பூசிப் பாத்தோம், போகல. நேத்து சுடுதண்ணிக் கேத்தல் பட்டுக் கொப்புளிச்சிருக்கு, புள்ள சுடவே இல்லேங்குறா. நீ ஒருக்கா வந்து பாக்கணும்" என்றார். எமிலி அவருடைய ஒரே மகள், பதினேழு வயது, டிக்கோயாவில் மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறார்கள். கெஞ்ச வந்த வாய் அதோடு நின்றிருக்கலாம். "ஒங்க வீட்டுலருந்துதானே வந்திருக்கும்" என்றும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏழு வருஷமா ஒங்க வாசப்படிய நான் மிதிக்கல, ஒங்க கெணத்துல நான் வாளி போடல, பாத்திரத்துலயும் ஒங்களுக்குப் பின்னாலதான் குடிச்சேன். எப்புடிங்க வந்திருக்கும், கங்காணியாரே?" என்று கேட்டேன். அவர் அப்படியே நம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம். நாளைக் காலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு வார்த்தை போட்டால் போதும், பத்து மணிக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும், மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுவார்கள், நமக்குச் செய்தது அவருக்கும் திரும்பிவிடும் என்று மனம் கணக்காகப் பேசியது. நான் உள்ளே போய் அடுப்பு முன்னால் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இந்தச் சந்தோஷத்தை என்னிடமிருந்து எடுத்துப்போடும், நீர் எடுக்காவிட்டால் நான் கட்டாயம் சொல்லிவிடுவேன் என்று ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. ஆனால் எழுந்தபோது அந்தச் சந்தோஷம் இல்லை. அந்தப் பிள்ளையின் முகம்தான் கண்முன் நின்றது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரோடு போனேன்.

முதல் வருஷம் உங்களைப் பார்க்க வந்தபோது அங்கே நர்ஸ் செய்ததைப் பார்த்திருந்தேன் அல்லவா, அதைப் போலவே செய்தேன். எமிலியைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் முதலில் நல்ல இடத்தில் தடவினேன். சரியாகச் சொன்னாள். பிறகு அந்தத் தேமல் மேல் தடவினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடலையா அத்தே?" என்று கேட்டாள். கங்காணியம்மா வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதார். நான் அந்தப் பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கையை அப்படிப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்றுதான் நினைத்தேன்.

மாதம் ஒரு தடவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தோல் டாக்டர் ஒருவர் வருகிறார். கண் காட்டப் போகிறோம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டு, கங்காணியும் எமிலியும் நானும் பஸ் ஏறினோம். டாக்டர் சிங்களவர். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நான்தான் எல்லாம் கேட்டேன். இது ஆரம்பம், மாத்திரையை ஒழுங்காக விழுங்கினால் போய்விடும், வீட்டிலேயே இருக்கலாம், யாருக்கும் பயமில்லை, கல்யாணமும் செய்யலாம் என்றார். லொறி வருமா என்று கங்காணி கேட்டார். இப்போது அதெல்லாம் தேவையில்லை என்று டாக்டர் சிரித்தார். இவ்வளவு சீக்கிரம் யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டபோது, "இவங்கதான்" என்று கங்காணி என்னைக் காட்டினார். எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது என்பதைவிட, மருந்து இருக்கிறது, ஒரு பிள்ளை வீட்டிலேயே இருந்து சுகப்படலாம் என்பதுதான் பெரிதாகப் பட்டது. நாம் பட்டது ஒருத்திக்காவது உதவியிருக்கிறது. அதற்காகத் திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். பஸ் குலுக்கலில் யாருக்கும் கேட்டிருக்காது.

எமிலி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலாயி அக்காவிடம்கூட இல்லை. கங்காணியும் பழையபடிதான் மலையில் சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கும் பழைய ஓர நிரைதான்.

இன்றைக்குக் காலையில்தான் அது நடந்தது. பண்டிகை என்பதால் பிள்ளைக் காம்பரா நிறைய ஆள். திருவிருந்து தொடங்கியது. மாஸ்டர் போய் வந்தார். அடுத்தது கங்காணி போக வேண்டும், எல்லோரும் வழி விட்டார்கள். அவர் எழும்பவில்லை. குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து மற்ற ஆண்கள் போனார்கள். பெண்கள் போனார்கள். கடைசியில் நான் போய் முழங்கால் போட்டேன். என் பக்கத்தில் முழங்கால் மடக்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கங்காணி, எனக்கு இடது பக்கம், எனக்கு அடுத்த ஆளாக.

நான் குடித்தேன். பாதிரியார் வழக்கம்போலத் துணியை எடுத்துப் பாத்திரத்தின் விளிம்பைத் துடைக்கப் போனார். "தொடைக்க வேணாங்க ஐயா, அப்புடியே குடுங்க" என்றார் கங்காணி. பாதிரியாருடைய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் வாய் வைத்த இடத்தைத் திருப்பாமல் அவரிடம் நீட்டினார். அவர் குடித்தார். அங்கே ஒரு பிள்ளைகூட அழவில்லை. நான் அழுதேன். உங்களை லொறியில் ஏற்றிய அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. ஆனால் இது துக்கம் இல்லை, பவுலின் அப்பா. ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு கல்லை யாரோ தூக்கி வெளியே போட்ட மாதிரி இருந்தது. நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த அந்த மன்னிப்பு இன்றைக்குத்தான் தரையைவிட்டு எழும்பி என்னோடு வீட்டுக்கு வந்தது.

உடனே சபையெல்லாம் மாறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். இரண்டு குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனது. கங்காணிக்கு என்னவோ பித்துப் பிடித்துவிட்டது என்று பேசுகிறார்கள். அவர் வெளியே வந்தபோது என்னிடம் மட்டும் உங்கள் பெயரைச் சொல்லி, "அவனுக்கு எழுதுறப்ப எமிலி சங்கதியையும் எழுது. நான் அன்னைக்கி ஆபீசுக்கு ஓடுனேனே, அது..." என்று தொடங்கி, முடிக்காமல் போய்விட்டார். மீதியை நானே மனதுக்குள் முடித்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தைப் படித்ததும் கிழித்துப் போடுங்கள், எமிலிக்காக.

2-4-1959, வியாழன், சாயங்காலம்.

தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று, எழுத இன்னும் இருக்கிறது. நேற்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி என்னிடம் டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு வேலை கேட்டு நேரே தோட்டத் துரையிடம் போயிருக்கிறார். துரை இரண்டு தடவை படித்துவிட்டு, மற்ற ஆட்கள் கலவரம் பண்ணினால் யார் பொறுப்பு என்று கேட்டாராம். "என் ஆளுங்க நடுவுல என் பக்கத்துல நிப்பான் துரை, நான் பொறுப்பு" என்று இவர் சொன்னாராம். நாற்று மேடையில் தேயிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கத்தி பிடிக்க வேண்டியதில்லை, சூடு தொட வேண்டியதில்லை. செக்ரோலில் உங்கள் பெயரைத் திரும்பவும் எழுதச் சொல்லிவிட்டார்கள். வேலாயி அக்கா கேள்விப்பட்டு, ஒரு கோழியை உங்களுக்கென்று இப்போதே கட்டிப் போட்டிருக்கிறார். அது போடுகிற சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே வேலை இல்லை, இடம் இல்லை என்று இனி நீங்கள் எழுத முடியாது. மீதி இருப்பது அந்த வியாதி கெடுத்த உங்கள் கை. கடைசிப் பக்கத்தில், பவுலின் இந்தக் கையைப் பார்க்க வேண்டாம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மற்ற எல்லாக் காரணமும் சாக்கு, இதுதான் நிஜம் என்று எனக்குத் தெரியும். உங்களோடு எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான்.

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் நேற்றிலிருந்து தள்ளிப் போட்டேன். உங்கள் கடிதத்தைப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். பவுலின் அதை எடுத்துப் படித்துவிட்டாள். எப்போது படித்தாளோ தெரியாது. நேற்று வேலை விட்டு வந்து, கூடையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்று, "அம்மா, அப்பாவுக்கு நம்மளப் பாக்கப் புடிக்கலையா?" என்று கேட்டாள்.

நான் என்னவெல்லாமோ சொன்னேன். உனக்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார், உன் கல்யாணத்தை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை, அழவும் இல்லை. பிடிக்காதவரை வற்புறுத்திக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நீங்கள் கையை மறைக்கிறீர்கள். அவள் கண்ணுக்கு, நீங்கள் மனசை மூடிக்கொண்டதாகத் தெரிகிறது. ஏழு வருஷம் எல்லோரும் ஒதுக்கியதைத் தாங்கிய பிள்ளை இதைத் தாங்க மாட்டாள். ஆண்டவர் எனக்கு எவ்வளவோ பெலன் கொடுத்தார், இந்த ஒரு கேள்விக்குப் பதில் மட்டும் என் கையில் கொடுக்கவில்லை. அது உங்களிடம் இருக்கிறது.

உங்களைக் குணமாக்கின தேவன் உங்களுக்குத் தைரியத்தையும் தந்து, ரயிலிலும் பஸ்ஸிலும் கூடவே இருந்து கொண்டுவந்து சேர்ப்பாராக. உங்களைப் பார்த்த டாக்டரையும், சோறு போட்டவர்களையும், உங்கள் புண்ணைக் கழுவின கைகளையும் அவர் ஆசீர்வதிப்பாராக. அவர்களிடம் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். பதில் வந்தாலும் பிரிக்க மாட்டேன். நீங்களே வாருங்கள்.

உங்கள் மனைவி,
சுகிர்தம்.